இரவல் ஆட்டக்காரி

எட்டரை மணிக்குத் திடலில் இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சவரிநாதன் சொன்னால் அது எட்டரைதான். எட்டு முப்பத்தொன்றுக்கு வந்து சேர்ந்த பிள்ளை அன்றைக்கு ஆட வராது, தண்ணீர் போத்தல்தான் தூக்கும். இது தெரிந்ததால் கலாதேவி அந்தச் சனிக்கிழமை கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்ததும் வராததுமாக, குளித்த ஈரத்தோடு காரை எடுத்தாள். பக்கத்தில் அவளுடைய மகள் துளசி, பதினாலு வயது, மடியில் பூட்சை வைத்துக்கொண்டு பழைய பல் துலக்கியால் மண்ணைச் சுரண்டியபடி வந்தாள்.

"இதுல மறுபடியும் சேறுதான் ஆகப் போவுது. எதுக்கு இந்த வேல?"

"சேத்தோட வந்தா கோச் திருப்பி அனுப்பிருவாரும்மா."

வீடு இருந்த ஜெலாப்பாங்கிலிருந்து திடலுக்கு இருபது நிமிடக் கார் ஓட்டம். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். மரங்களை வெட்டி இரட்டை மாடி வீடுகளாகக் கட்டிவிட்டார்கள், தோட்டத்துத் திடலை மட்டும் என்ன காரணத்தாலோ தொடாமல் விட்டிருந்தார்கள். மூன்று பக்கம் வீடுகள், நாலாவது பக்கம் சுண்ணாம்புக் குன்று. துளசியின் ஜெலாப்பாங் அணி வாரம் மூன்று நாள் அங்கேதான் பயிற்சி செய்தது.

கலாதேவிக்கு ரக்பி பிடிக்காது. பெண் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடுப்பில் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்ப்பதை விளையாட்டு என்று ஏற்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. ஆனால் மகள் ஆடுகிறாள் என்றால் ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும் முதல் நாளிலிருந்தே இருந்தது. திடலோரம் பெற்றோர் நிற்பதற்காகச் சவரிநாதன் ஒரு நீலக் கயிறு கட்டியிருந்தார். கயிற்றைத் தாண்டக் கூடாது, நடுவரிடம் பேசக் கூடாது, எதிரணிப் பிள்ளை தவறு செய்தால் கை தட்டக் கூடாது. எல்லாப் பெற்றோரும் இதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கலாதேவி இரண்டு முறை போட்டிருந்தாள். போன வருடம் நடுவரைப் பார்த்து, "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தியதில் முதல் கையெழுத்து செல்லாமல் போயிருந்தது.

அன்றைக்கு ஹுத்தான் மெலிந்தாங் அணியோடு ஆட்டம். ஜெயிக்கிற அணி அடுத்த மாதம் கோலாலம்பூரில் நடக்கும் பதினைந்து வயதுக்குட்பட்டோர் போட்டிக்குப் போகும். போன வருடம் அரையிறுதியில் தோற்றதிலிருந்து துளசி இதற்காகத்தான் உழைத்தாள். விடியலில் எழுந்து அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குவாள். கீழ் வீட்டுக்காரர்கள் வந்து புகார் சொன்னார்கள்.

ஹுத்தான் மெலிந்தாங் பிள்ளைகள் ஒன்பதே முக்காலுக்கு வந்தார்கள். ஒரு வேனில் எட்டுப் பேர். மீதி ஐந்து பேர் வந்த வேன் லங்காப்புக்கு அருகே எஞ்சின் புகைந்து நின்றுவிட்டது என்று அவர்களுடைய தலைவி ஐனா மலாயில் சொன்னாள். ஒல்லியான, உயரமான பிள்ளை. சொல்லும்போது கைத்தொலைபேசியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் ஆடுகிற ஆட்டம். ஒன்பதுக்குக் குறைந்தால் ஆட்டமே இல்லை. போட்டி ஏற்பாட்டாளர் அரை மணி நேரம் காத்திருந்தார். வேன் வரவில்லை. குன்றின் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஆடாமலே வெற்றி ஜெலாப்பாங் அணிக்கு என்று எழுதி, சவரிநாதனிடம் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

கயிற்றோரம் கலாதேவிக்குப் பக்கத்தில் நின்ற ரோய்ஸ்டன் பெருமூச்சு விட்டார். ஏர்கோன் பழுது பார்ப்பவர், அணித் தலைவி கிறிஸ்டினின் அப்பா. "சினாங் லா, ரொம்ப சுலபம், தங்கச்சி. வேர்வையே இல்லாம கோலாலம்பூர் போலாம்," என்றார்.

"ஆமாண்ணே. பாவந்தான், என்ன செய்யறது," என்றாள் கலாதேவி. பாவம் என்று சொன்னாளே தவிர, மனசு அதற்குள் கோலாலம்பூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

கிறிஸ்டின் தன் அணியை வட்டமாக நிற்க வைத்து ஏதோ பேசினாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. பிறகு தனியாக நடந்து சவரிநாதனிடம் வந்தாள்.

"கோச், கையெழுத்துப் போடாதீங்க. நாங்க ஆடுறோம்."

"எப்படி ஆடுவ? அவங்க எட்டுப் பேருதான்."

"ரெண்டு பேர் நம்ம பக்கத்துலேருந்து தர்றோம். நாம பன்னெண்டு பேர் இருக்கோம்ல. சரியா வரும்."

சவரிநாதன் ஏற்பாட்டாளரைப் பார்த்தார். இரண்டு அணியும் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் இரவல் ஆட்களோடு ஆடலாம், முடிவும் செல்லும் என்றார் அவர். அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்றும் சொன்னார்.

"யாரக் குடுக்கப் போற?" என்று சவரிநாதன் கேட்டார். மாற்று ஆட்டக்காரிகள் இரண்டு பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நாங்க குடுக்கல கோச். அவங்களே எடுத்துக்கட்டும். யார வேணும்னாலும்."

சவரிநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார், மறுபடி போட்டுக்கொண்டார். அவர் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை இது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். ஐனா வரிசையின் முன்னால் மெதுவாக நடந்தாள். மாற்று ஆட்டக்காரியான தினேஸ்வரியை முதலில் தொட்டாள். கிறிஸ்டினுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, தலையை ஆட்டிவிட்டுக் கடந்து போனாள். துளசியிடம் வந்ததும், "இவள்," என்றாள். போன வருடம் துளசி அவளை மூன்று முறை சாய்த்திருந்தாள்.

"அது எப்படி?" கலாதேவிக்குக் குரல் ஏறிவிட்டது. "வருஷம் பூரா ஓடுனது இவங்களுக்கு ஆடவா?"

"கத்தாத தங்கச்சி. மறுபடி கையெழுத்துப் போட வேண்டி வரும்," என்றார் ரோய்ஸ்டன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம பிள்ளதானே. எப்படி ஆடணும்னு அதுக்குத் தெரியும்," என்றார்.

அந்தச் சொல் கலாதேவிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

துளசி மஞ்சள் ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு அந்த எட்டுப் பேர் நடுவில் போய் நின்றாள். ஒவ்வொருத்தியிடமும் ஏதோ கேட்டாள், கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று கலாதேவிக்குப் புரியவில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. "சூ லிங், வலது! பாத்தின், பின்னால வா!" என்று அவள் மலாயில் கூவியபோது, அத்தனை பேருடைய பெயரையும் ஆட்டத்துக்கு முந்தைய பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று விளங்கிற்று.

ஐனா அவளைக் கடைசி ஆளாக நிறுத்தியிருந்தாள். மற்ற ஒன்பது பேரையும் தாண்டி வருகிறவளைத் தடுக்க வேண்டியவள். அவளையும் தாண்டிவிட்டால், கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து ஐந்து புள்ளி எடுத்துவிடலாம். அதற்குப் பெயர் ட்ரை. பிறகு கம்பத்துக்கு மேலே உதைத்தால் இன்னும் இரண்டு.

ஜெலாப்பாங் அணி நாலாவது நிமிடத்தில் ஒரு ட்ரை போட்டு, உதையையும் உள்ளே அனுப்பியது. ஏழுக்குச் சுழியம். பந்து துளசி இருந்த பக்கம் வரவே இல்லை. சீக்கிரமே ஹுத்தான் மெலிந்தாங் ஒரு ட்ரை போட்டது, உதை தவறியது. ஏழுக்கு ஐந்து.

முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் கிறிஸ்டின் பந்தோடு நடுவில் பிளந்துகொண்டு வந்தாள். முன்னால் துளசி மட்டும். இடது பக்கம் திறந்து கிடந்தது. கிறிஸ்டின் விலகி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஐந்து வயதிலிருந்து ஒரே மாடியில் வளர்ந்த, ஒரே பஸ்ஸில் பள்ளிக்குப் போகிற தன் சிநேகிதியை நோக்கி நேராக, தோளைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.

கயிற்றோரம் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

துளசி குனிந்தாள். தோள் கிறிஸ்டினின் தொடையில் மோதிய சத்தம் கயிறு வரைக்கும் கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். துளசி உடனே பிடியை விட்டு, உருண்டு எழுந்து, தன் இடத்துக்குப் பின்வாங்கினாள். ஒரு நொடி தாமதமில்லை. கிறிஸ்டினும் எழுந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

"என்ன இது?" என்றார் ரோய்ஸ்டன். கலாதேவியைப் பார்த்துக் கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்கு முகம் சுட்டது.

இடைவேளை விசில் ஊதியது. அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் உட்காரக் கூடாது, நின்றபடிதான் தண்ணீர் குடிக்க வேண்டும். துளசி மஞ்சள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். கலாதேவி இங்குமங்கும் பார்த்தாள். சவரிநாதன் தன் அணியோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே போனாள்.

"துளசி."

மகள் திரும்பினாள். காதோரம் மண் ஒட்டியிருந்தது.

"ரெண்டாவது பாதில கொஞ்சம் பார்த்து ஆடு. நீ எந்தப் பக்கத்துப் பிள்ளைன்னு ஞாபகம் இருக்கட்டும். மெதுவா ஓடுனா யாருக்கும் தெரியாது."

துளசி போத்தலை மூடினாள். அம்மாவை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் கலாதேவி சமாளித்திருப்பாள். கோபம் இல்லை.

"கயித்துக்கு அந்தப் பக்கம் போங்கம்மா," என்றாள், தாழ்ந்த குரலில்.

கலாதேவி திரும்பி நடந்தாள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் சொன்னாலே நான்கு வார்த்தை பதில் சொல்கிறவள் அவள். பதினாலு வயதுப் பிள்ளை சொன்னதற்குக் கீழ்ப்படிந்து போனாள். மறுபடி குனிந்து கயிற்றைத் தாண்டினாள். தான் மகளிடம் என்ன கேட்டோம் என்பது அந்தப் பத்தடி தூரத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் ஆட்டத்தை வேறு மாதிரி பார்த்தாள். புள்ளியைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்தாள். நடுவர் தப்பென்று கை காட்டினால், சரியோ தவறோ, பந்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார்கள். கிறிஸ்டின் மட்டும் நடுவரிடம் போய், "சார், எதுக்குன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள், பதில் வந்ததும் "நன்றி சார்" என்று சொல்லித் திரும்பினாள். மஞ்சள் ஜெர்சிக்காரி ஒருத்திக்குக் கால் பிடித்துக்கொண்டபோது, அவளைச் சாய்த்தவளே உட்கார்ந்து பாதத்தை அழுத்தி நீவிவிட்டாள். இதெல்லாம் ஒரு வருடமாக அவள் கண் முன்னால்தான் நடந்திருக்க வேண்டும். ஒரு தடவையும் அவள் பார்த்ததில்லை.

பதினேழாவது நிமிடம் துளசி பந்தைப் பிடித்து, இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, கடைசி நொடியில் பின்னால் வந்த ஐனாவிடம் அதைத் தள்ளினாள். ஐனா ஓடிப்போய்ப் பந்தோடு கோட்டுக்கு அப்பால் விழுந்தாள். உதை இந்த முறையும் தவறியது. ஹுத்தான் மெலிந்தாங் பத்து, ஜெலாப்பாங் ஏழு.

கயிற்றோரம் ஒருவரும் கை தட்டவில்லை. கலாதேவி தட்டினாள். ரோய்ஸ்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

கடைசி நிமிடம். பந்து ஜெலாப்பாங் கையில். வலது ஓரத்தில் கிறிஸ்டினுக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னால் யாரும் இல்லை. துளசி திடலின் மறுபக்கம் இருந்தாள். கிறிஸ்டின் ஓட ஆரம்பித்தாள், ரோய்ஸ்டன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போ, போ, போ," என்று முணுமுணுத்தார். துளசி குறுக்காக ஓடி வந்தாள். எட்ட முடியாத தூரம் என்றுதான் தோன்றியது. அந்த இடத்தில் அவள் ஓட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் இந்த உலகத்தில் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோலாலம்பூர் அவளுடையதாக இருந்திருக்கும்.

அவள் தளர்த்தவில்லை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, படிகளில் ஏறி இறங்கிய அந்தக் கால்களை அப்படியே விட்டெறிந்து ஓடினாள். கலாதேவி நுனிக்காலில் எழும்பினாள். தன் வயிற்றில் இருந்த பிள்ளைதான், தான் சோறு போட்ட பிள்ளைதான். ஆனால் இவ்வளவு பெரிய ஒன்று அதற்குள் எப்போது வந்து குடியேறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. குன்றையும் மேகத்தையும் பார்த்து நிற்கிற மாதிரி மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோட்டுக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது துளசி பாய்ந்தாள். கிறிஸ்டினின் கால் இரண்டையும் சேர்த்து அணைத்தாள். கிறிஸ்டின் பக்கவாட்டில் சரிந்து, மூலைக் கொடியோடு எல்லைக்கு வெளியே போய் விழுந்தாள். நடுவர் நீளமாக ஊதினார்.

மழை அதற்குப் பிறகுதான் தூறத் தொடங்கியது. மஞ்சள் ஜெர்சிகள் ஐனாவைத் தூக்கின. துளசி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. மூலையில் உட்கார்ந்து, கிறிஸ்டினின் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்டின் முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வரிசையில நில்லுங்க," என்று தன் அணியிடம் சொன்னாள்.

இரண்டு பக்கமும் வரிசை கட்டி, நடுவில் ஹுத்தான் மெலிந்தாங் பிள்ளைகளை நடக்க விட்டுக் கை தட்டி, கை கொடுத்தார்கள். துளசியும் தினேஸ்வரியும் கடைசியாக வந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பிள்ளை துளசிக்குக் கை கொடுக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது அதற்கு.

"கை குடுத்துட்டு அழு," என்றாள் கிறிஸ்டின்.

அந்தப் பிள்ளை கை கொடுத்தது. பிறகு தேம்பித் தேம்பி அழுதது.

ரோய்ஸ்டன் விறைப்பாகக் கயிற்றைத் தாண்டிப் போய், "சொந்த அணிய இப்படியா செய்வ, துளசி?" என்றார்.

"அப்பா," என்றாள் கிறிஸ்டின். "நல்ல டேக்கல்ப்பா அது. நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

ரோய்ஸ்டன் மகளின் வீங்கிய முழங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் வேனுக்குப் போய், ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்து வந்தார். ஒன்றை மகளின் முழங்காலில் வைத்தார். இன்னொன்றைத் துளசியின் தோளில் அவரே பிடித்துக்கொண்டு நின்றார்.

கலாதேவி சவரிநாதனைத் தேடிப் போனாள். "கோச், இடைவேளையில கயித்தத் தாண்டிட்டேன்."

"பார்த்தேன்."

"ஆட்டத்த விட்டுக் குடுக்கச் சொன்னேன் அவகிட்ட." அவரை நேராகப் பார்த்தாள். "மறுபடி கையெழுத்துப் போடணும்னா போடுறேன்."

"அவ என்ன சொன்னா?"

"அந்தப் பக்கம் போங்கன்னு சொன்னா."

"அப்ப அது முடிஞ்சு போச்சுக்கா," என்றார் அவர். "நான் சொல்ல ஒண்ணுமில்ல."

அவள் காருக்குத் திரும்பும்போது ஐனா ஓடி வந்தாள். பாலிதீன் பையில் அவித்த கடலை கொண்டுவந்திருந்தாள், அவளுடைய அம்மா கொடுத்தனுப்பியதாம். "ஆன்ட்டி, துளசி உங்க மகளா?" என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றதும், பையை அவள் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆட்டத்துக்கு முன்னாலயே அவ என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டா. அவங்க அணியோட சைகை எல்லாம் அவளுக்குத் தெரியும், அத மட்டும் கேக்காதன்னா. நான் கேக்கல."

"ஒரு தடவகூடவா?"

"கேட்டிருந்தா இன்னும் நெறைய அடிச்சிருக்கலாம்," என்று ஐனா சிரித்தாள். "ஆனா அப்படி ஜெயிக்க எங்களுக்கும் பிடிக்கல, ஆன்ட்டி."

கலாதேவி அந்தப் பிள்ளையின் ஈரத் தலையில் கை வைத்தாள். “கோலாலம்பூர்ல நல்லா ஆடுங்க,” என்று மலாயில் சொன்னாள். அடுத்த மாதம் கோலாலம்பூரில் ஹுத்தான் மெலிந்தாங் மூன்றாவதாக வந்தது. ஜெலாப்பாங் அணி அடுத்த வருடத்துக்குக் காத்திருந்தது. முதலில் கை கொடுக்க மறுத்த பிள்ளை ஒரு வாரம் துளசியோடு பேசவில்லை, பிறகு பேசினாள்.

அன்றைக்குக் காரில் திரும்பும்போது வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. துளசி கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"கடைசியில," என்றாள் கலாதேவி, "அவ்ளோ தூரத்துலேருந்து. கொஞ்சம் மெதுவா ஓடணும்னு ஒனக்குத் தோணவே இல்லையா?"

துளசி யோசித்தாள். "தோணுச்சும்மா," என்றாள். "ஆனா கிறிஸ்டினுக்குத் தெரிஞ்சிரும் லா. நான் எவ்ளோ வேகமா ஓடுவேன்னு அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். அப்புறம் எப்படி நான் அவ மூஞ்சியில முழிப்பேன்?"

கலாதேவி சாலையையே பார்த்து ஓட்டினாள். மறுபடி திரும்பியபோது மகள் தூங்கியிருந்தாள், வாய் திறந்து, உள்ளங்கையில் உரிக்காத கடலையோடு. வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. எழுப்ப மனம் வராமல், அதைத் தாண்டி மழையில் நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.